கண்டியின் காற்றுக்குக் கணக்கு எங்கே?

வயலுக்குப் பாயும் நீருக்குக் கணக்கு உண்டு. தோட்டத்திலே பறிக்கும் கொழுந்துக்குத் தராசு உண்டு. கடையில் வாங்கும் அரிசிக்குப் படிக்கல் உண்டு. அப்படிக்கல் சரியானதுதானா என்று சோதிக்கச் சட்டமும் உண்டு, அதிகாரியும் உண்டு. ஆனால், கண்டி மாநகரிலே வாழும் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை உள்ளிழுக்கும் காற்றுக்குக் கணக்கு எங்கே? அதை அளப்பவர் யார்? அளந்ததை மக்களுக்குச் சொல்பவர் யார்? சொன்ன பின்னர் செயலில் இறங்க வேண்டியவர் யார்? இம்மூன்று வினாக்களையும் பொறுப்புள்ளோர் முன் வைக்கின்றோம். விடை கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

கண்டி நகரின் இயற்கை அமைப்பை முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை மலையும் ஏனைய குன்றுகளும் சூழ்ந்து நிற்க, நடுவே ஒரு கிண்ணம் போல் அமைந்தது இந்நகரம். கொழும்பின் புகையைக் கடற்காற்று அள்ளிச் செல்லும். கண்டியின் புகைக்கு அவ்வழி இல்லை. இரவிலே நிலம் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று பள்ளத்திலே தங்குகின்றது. அதற்கு மேலே வெப்பக் காற்று ஒரு மூடிபோற் கவிந்து கொள்கின்றது. அம்மூடி விலகு முன்னரே, காலை வேளையில் பஸ் வண்டிகளும் லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் பாடசாலை வான்களும் குறுகிய வீதிகளில் நெருக்கியடித்துக்கொண்டு நகருக்குள் நுழைகின்றன. 1998 ஜனவரிக் குண்டு வெடிப்பின் பின் தலதா மாளிகையின் முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதன் சுமையும் ஏரிக்கரை வீதிகளின் மேலே விழுந்தது. கிண்ணத்துக்குள்ளே அடுப்பை மூட்டி மூடியையும் போட்டுவிட்டால் என்ன நிகழும் என்பதைச் சமையலறை அறிந்த எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள்.

பேராதனைப் பல்கலைக்கழகம் இதற்கு விலக்கு என்று நினைப்பவர் உளர். 1942 இல் கொழும்பிலே தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் மகாவலிக் கரைக்கு வந்தது முதல், ‘பூங்காவுக்குள் ஒரு கலைக்கூடம்’ என்ற எண்ணம் நம்மவர் மனத்திலே ஊறிவிட்டது. மரங்கள் உண்டு, மலை உண்டு, ஆறு உண்டு, உண்மையே. ஆனால் அதன் வாயிலிலேயே கொழும்பு - கண்டி நெடுஞ்சாலை ஓடுகின்றது. பதுளை ஊடாகச் செங்கலடிக்குச் செல்லும் பெருவீதியும் பேராதனையிலேதான் பிறக்கின்றது. கலஹா வீதியோ வளாகத்தின் ஊடே செல்கின்றது. அருகிலே போதனா வைத்தியசாலையில் நோயாளர் படுத்திருக்கின்றனர். மரத்தின் பசுமையைக் கண்டு காற்றும் தூயது என்று தீர்ப்பளிப்பது, சாட்சியின் ஆடையைக் கண்டு அவன் சொல்லை நம்புவதற்கு ஒப்பாகும்.

மலிவான சாட்சி

காற்றை முறைப்படி அளக்கும் பெருங்கருவி ஒன்றின் விலை பத்தாயிரக் கணக்கான டொலர். அதற்குக் குளிரூட்டிய அறை வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும். ஓயாத பராமரிப்பு வேண்டும். ஆகவேதான், அத்தரத்திலான நிலையங்கள் நாடு முழுவதிலுமே விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் இருக்கின்றன. இந்நிலையிலே, சில நூறு டொலருக்குக் கிடைக்கும் சிறு உணரிக் கருவிகள் உலகெங்கும் பரவியுள்ளன. கையளவான பெட்டி, உள்ளே ஒரு சிறு விசிறி, ஒரு லேசர் ஒளிக்கற்றை. விசிறி காற்றை உள்ளிழுக்கின்றது. காற்றிலுள்ள நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளியை அளந்து, ஒரு கன மீற்றர் காற்றில் எத்தனை மைக்கிறோகிராம் துகள் உண்டு என்று கருவி கணக்கிடுகின்றது. முதன்மையாக அது கணிப்பது 2.5 மைக்கிறோனுக்கு உட்பட்ட துகளை. அதாவது தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாத அத்துகள் நுரையீரலின் அடி வரை செல்லும். இருதய நோய்க்கும் பாரிசவாதத்துக்கும் அது வழி கோலும்.

கண்டிக்கு இது புதிய செய்தியன்று. ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தினரும் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தாருடன் கூடி, ‘கோலா’ என்னும் சிறு உணரிகளைக் கொண்டு இந்நகரின் காற்றை அளந்துள்ளனர். சூரிய ஒளியால் இயங்கும் அக்கருவிகள், புதிய போக்குவரத்துத் திட்டம் நடைமுறைக்கு வரு முன்னும் வந்த பின்னும் துகளையும் காபனோரொட்சைட்டையும் பதிவு செய்தன. அதற்கும் பல்லாண்டு முன்னரே, பேராதனையின் இரசாயனவியற் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும கண்டியின் காற்றைப் பற்றி ஓயாது எச்சரித்து வந்தார். அறிஞர்கள் தம் கடமையைச் செய்தனர். அவர்களுக்கு நம் நன்றி உரியது. ஆனால் அவ்வறிவு எங்கே போய்ச் சேர்ந்தது? ஆங்கிலச் சஞ்சிகையின் பக்கங்களில்! குட்செட் பஸ் நிலையத்தில் கைக்குழந்தையோடு காத்து நிற்கும் தாய்க்கு அவ்வெண்களை அவளுடைய மொழியிலே சொன்னவர் யார்?

“கருவி மலிவு, ஆகவே அதன் சொல் செல்லாது”

சிறு உணரியைப் பற்றிப் பேசியவுடன், அதிகாரிகள் ஒரு மறுப்பைத் தயாராக வைத்திருக்கின்றனர். “அது மலிவான கருவி. துல்லியமற்றது. அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது” என்பர். கேட்பதற்கு அறிவியல் போலத் தோன்றும் இவ்வாதத்தைச் சட்டக் கண்ணோடு சிறிது ஆராய்வோம்.

இந்நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டிலே பிறந்தது. அதன் 134 ஆம் பிரிவு, எந்தச் சம்பவத்தை நிரூபிப்பதற்கும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற நியதி இல்லை என்கின்றது. சாட்சிக்கு உயர்ந்த பதவி வேண்டும் என்றோ, பட்டம் வேண்டும் என்றோ அது சொல்லவில்லை. ஏழைக் கமக்காரனும் சாட்சி சொல்லலாம்; எழுத்தறியாத தோட்டத் தொழிலாளியும் சாட்சி சொல்லலாம். அவர்களுடைய சொல்லைக் குறுக்கு விசாரணையால் சோதித்து, ஏனைய சான்றுகளோடு ஒப்பிட்டு, அதன் நிறையை மதிப்பிடுவதே நீதிபதியின் தொழில். “ஏழை சொன்னான், ஆகவே தள்ளுபடி” என்று தீர்ப்பெழுதும் நீதிமன்றம் நாகரிக உலகில் இல்லை. அவ்வாறிருக்க, காற்றின் வழக்கிலே மட்டும் சாட்சியின் விலையைக் கேட்டுக் கதவடைப்பது என்ன நியாயம்?

சிறு உணரிக்குக் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. குறை உண்டு; அதைச் சொல்லுவது நம் கட்சிக்குப் பலமே தவிரப் பலவீனமன்று. கண்டியிலே மார்கழி, தை மாதங்களின் விடியற் பனியைக் காணாதவர் இல்லை. ஈரம் மிகுந்த அவ்வேளையில் துகள்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. கருவி அதைக் கூடுதல் மாசு என்று காட்டிவிடும். காலஞ்செல்ல அதன் அளவு தடம் மாறவும் கூடும். வாயுக்களை அளக்கும் மலிவு உணரிகள் துகளை அளப்பவற்றிலும் நம்பிக்கை குறைந்தவை. ஆனால் இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு. சிறு உணரியைப் பெருங்கருவிக்குப் பக்கத்திலே சில வாரம் வைத்து, இரண்டின் எண்களையும் ஒப்பிட்டு, ஈரப்பதத்துக்கு ஏற்ற திருத்தத்தைக் கணித்துக்கொள்ளலாம். இதுவே அச்சாட்சிக்குரிய குறுக்கு விசாரணை. இதைச் செய்வதற்கு பௌதிகத் துறையும் இரசாயனத் துறையும் பொறியியற் பீடமும் மருத்துவ பீடமும் ஒரே வளாகத்தில் அமைந்த பேராதனையைப் போன்ற இடம் வேறெங்கே உண்டு?

இன்னுமொன்று. ஓரிடத்து எண்ணிலே பிழை இருக்கலாம். பத்து இடத்து எண்களும் ஒரே நேரத்தில் உயருமாயின் அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியுமா? பல்கலைக்கழகச் செனற் மண்டபத்தருகே ஒரு கருவி, கலஹா சந்தியில் ஒன்று, வைத்தியசாலை வாயிலில் ஒன்று, கெட்டம்பையில் ஒன்று. எங்கே கூடுகின்றது, எப்போது கூடுகின்றது, ஞாயிற்றுக்கிழமையில் எவ்வளவு குறைகின்றது என்பவற்றை விலை உயர்ந்த ஒரேயொரு பெருங்கருவி ஒருபோதும் சொல்ல மாட்டாது. ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் பல எளிய சாட்சிகளே அதைச் சொல்லவல்லன.

எண் பேசினால் அரசு அசையும்

எண்ணுக்கு என்ன வலிமை என்று கேட்பவர்களுக்கு 2022 டிசம்பரை நினைவூட்டுகின்றோம். இந்தியப் பெருநிலப்பரப்பின் மாசு காற்றோடு இத்தீவின் மேல் வந்து கவிந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வேறு நகரங்களிலும் வளித்தரச் சுட்டெண் அபாய எல்லைக்கு ஏறியது. எண் வெளிவந்தது, டிசம்பர் 9 ஆம் திகதி நாடு முழுவதும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒரு நாளிலே முடிவு எடுக்க முடிந்ததல்லவா? அயல்நாட்டுப் புகை வந்தபோது பாடசாலையை மூடத் தெரிந்த அரசுக்கு, உள்நாட்டுப் புகை நாள்தோறும் பாடசாலை வாயிலிலே நிற்கும்போது மட்டும் கண் மறைவதேன்? முன்னதற்கு எண் இருந்தது. பின்னதற்கு எண் இல்லை. இருந்தாலும் மக்களிடம் இல்லை.

உலக வரலாறும் இதையே சொல்லுகின்றது. 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மரணங்களை எண்ணிய கணக்கு வெளிவந்த பின்னரே, 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. பெய்ஜிங் நகரில் அமெரிக்கத் தூதரகம் 2008 முதல் நுண்துகளின் அளவை வெளியிட்டு வந்தது. அந்நகர மக்கள் அதைப் பார்த்துத் தம் அரசைக் கேள்வி கேட்டனர். 2012 இல் சீன அரசு நுண்துகளுக்கு முதன்முறையாகத் தேசிய வரம்பை வகுத்தது.

ஆனால் இதிலே நமக்கு மற்றொரு பாடமும் உண்டு. 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு, உலகெங்கும் தன் தூதரகங்கள் எடுத்த காற்றளவைகளைப் பகிர்வதை நிறுத்திவிட்டது. அயலான் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் அறிந்தவன், அயலான் சாளரத்தை மூடினால் இருளிலே நிற்க வேண்டியதுதான். நம் காற்றை அளக்கும் கருவி நம் மண்ணிலே, நம் நிறுவனத்தின் பொறுப்பிலே, நம் மொழிகளிலே பேசுவதாக இருத்தல் வேண்டும்.

கமக்காரனுக்கு இதிலே என்ன?

“நகரத்தாருக்கும் படித்தவர்களுக்கும் உரிய கவலை இது, மண்வெட்டி பிடிப்பவனுக்கு இதனால் என்ன பயன்?” என்று விவசாய நண்பர்கள் கேட்கக்கூடும். டில்லியைப் பாருங்கள். அங்கே குளிர்காலத்திலே காற்று நஞ்சாகும்போதெல்லாம் முதற் குற்றவாளியாக நிறுத்தப்படுபவன் பஞ்சாப், ஹரியானா மாநிலங்களின் கமக்காரன். அறுவடைக்குப் பின் வைக்கோல் தாளை எரிக்கின்றான் என்பது குற்றச்சாட்டு. 2024 நவம்பரில் அதற்கான அபராதம் இரட்டிப்பாக்கப்பட்டு, ஐந்து ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு 30,000 ரூபா வரை உயர்ந்தது. தாள் எரிப்பதால் மாசு உண்டாவது உண்மை. ஆனால் அது சில வாரங்களின் செய்தி. ஆண்டு முழுவதும் புகை கக்கும் வாகனத்துக்கும் ஆலைக்கும் அதே வேகத்தில் தண்டனை விழுகின்றதா? அளவு இல்லாத இடத்தில் பழி எளியவன் தலையிலேதான் விழும். எந்த மாதத்தில், எந்த மணியில், எந்தத் திசையிலிருந்து மாசு வருகின்றது என்ற பதிவு இருந்தால், கமக்காரன் தன் பங்குக்கு மட்டும் பதில் சொல்லலாம். பிறர் பங்கையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. இந்தியாவிலேயே கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தார் உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களின் கிராமப்புறங்களில் சிறு உணரிகளைப் பரப்பி நிறுத்தியுள்ளனர். கிராமத்தின் காற்றும் அளக்கத்தக்கதே என்பதற்கு அது சான்று.

மேலும், வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகள் சூரிய ஒளியிலே மாற்றமடைந்து ஓசோனை உண்டாக்குகின்றன. அது நகர எல்லையிலே நின்றுவிடுவதில்லை. காற்று வீசும் திசையிலே சென்று பயிரின் இலையைத் தாக்கி விளைச்சலைக் குறைக்கின்றது. போஞ்சியும் உருளைக்கிழங்கும் அதற்கு விரைவில் பாதிப்படையும் பயிர்கள். கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் மரக்கறி பயிரிடுவோர் தம் நிலத்தின் மேல் என்ன வந்து படிகின்றது என்பதை அறியும் உரிமை உடையவர் அல்லரா?

இன்னும் மேலே ஏறுவோம். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களின் லயன் அறைகளிலே, புகைபோக்கி செவ்வனே அமையாத அடுப்பின் முன் விறகை ஊதியபடி விடியுமுன் எழும் பெண்ணின் நுரையீரலைப் பற்றி யாருக்குக் கவலை? வீட்டுக்குள் எழும் விறகுப் புகையிலும் அதே நுண்துகளே உண்டு. வளாகத்துப் பெருமரத்தடியில் மாட்டிய கருவி, மூன்று கல் தொலைவிலுள்ள லயனுக்கு ஏறாது நின்றுவிடுமாயின், அது பேராசிரியரின் மூச்சை மட்டும் எண்ணும் கருவியாகவே முடியும். பல்கலைக்கழகம் தொடக்க இடமாகுக, எல்லையாக வேண்டாம்.

சட்டம் இருக்கின்றது, சான்றுதான் இல்லை

இந்நாட்டிலே சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் உண்டு. வளித்தர வரம்புகள் 1994 இல் வகுக்கப்பட்டன. 2008 ஓகஸ்ட் 15 ஆம் திகதிய 1562/22 ஆம் இலக்க வர்த்தமானியால் திருத்தப்பட்டன. அதன்படி, 2.5 மைக்கிறோன் துகள் ஒரு கன மீற்றரில் 24 மணி நேரச் சராசரியாக 50 மைக்கிறோகிராமையும் ஆண்டுச் சராசரியாக 25 மைக்கிறோகிராமையும் தாண்டலாகாது. உலக சுகாதார தாபனமோ 2021 இல் அவற்றை முறையே 15 என்றும் 5 என்றும் வகுத்தது. ஆண்டு வரம்பிலே நம் சட்டம் ஐந்து மடங்கு தாராளமானது! அந்தத் தாராளமான வரம்பையாவது கண்டி வீதிகள் காக்கின்றனவா என்று வீதிக்கு வீதி காட்டும் பதிவேடு மக்கள் கையில் இருக்கின்றதா?

காற்றுக்காக நீதிமன்றப் படி ஏறியவர்களும் இந்நாட்டில் உளர். கொழும்பின் வாகனப் புகைக்கு எதிராகச் சட்டத்தரணி லலநாத் டி சில்வா 1998 இல் உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். அதன் பயனாக 2000 ஆம் ஆண்டிலே வாகனப் புகை வரம்புகள் வர்த்தமானியில் வெளியாயின. நம் தமிழ்க் கமக்காரர் மறக்கவியலாத சுன்னாகத்து வழக்கையும் எண்ணிப் பாருங்கள். கிணறுகளிலே எண்ணெய் கலந்ததென்று மக்கள் கூக்குரலிட்டபோது, கலந்ததா இல்லையா என்று ஆய்வறிக்கைகள் ஒன்றோடொன்று மோதின. முடிவிலே 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. தன் கடமையில் தவறிய மத்திய சுற்றாடல் அதிகார சபையையும் கண்டித்தது. அவ்வழக்கை நடத்தியவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சுற்றாடற் செயற்பாட்டாளர் என்பதையும் நன்றியோடு நினைவு கூர்வோம். நீருக்கும் காற்றுக்கும் இனமில்லை.

இவ்வழக்குகள் புகட்டும் பாடம் ஒன்றே: அளவை யார் கையில் இருக்கின்றதோ, வழக்கும் அவர் கையிலேயே. அடிப்படை உரிமை மீறலுக்கு ஒரு மாத காலத்துள் மனுச் செய்ய வேண்டும் என்கின்றது அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன அளவு என்று திகதியிட்ட பதிவு இல்லாதவன் எதைக் கொண்டு மனு வரைவான்? குப்பை எரிப்பதையோ ஆலைப் புகையையோ பொதுத் தொல்லையெனக் காட்டி, 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் கட்டளை பெறலாம். அங்கேயும் “மூச்சு முட்டுகின்றது” என்ற சொல்லோடு ஓர் எண்ணும் நிற்குமாயின் வழக்கின் தன்மையே மாறிவிடும்.

நம் கோரிக்கைகள்

ஆகவே நாம் தெளிவாகக் கேட்கின்றோம்.

முதலாவது: பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலும், கலஹா சந்தி, கெட்டம்பை, குட்செட் பஸ் நிலையம், போதனா வைத்தியசாலை, கோஹாகொடைக் குப்பைமேட்டுச் சூழல், தோட்ட லயன்கள் ஆகிய இடங்களிலும் சிறு உணரிகள் நிரந்தரமாக நிறுத்தப்படுதல் வேண்டும். ஆய்வுப் பணம் முடிந்தவுடன் கழற்றி அலுமாரியில் வைக்கும் கருவி மக்களுக்குப் பயன்படாது.

இரண்டாவது: அவை குறித்த காலந்தோறும் பெருங்கருவியோடு ஒப்பிடப்பட்டு, செய்த திருத்தமும் வெளிப்படையாக அறிவிக்கப்படுதல் வேண்டும். சோதிக்கப்படாத சாட்சியை மக்கள் மீது திணிக்குமாறு நாம் கேட்கவில்லை.

மூன்றாவது: எண்கள் மணிக்கு மணி பொதுமக்களுக்குத் திறந்திருத்தல் வேண்டும். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. காற்றின் அபாயத்தைத் தமிழருக்குத் தமிழிலும் சிங்களவருக்குச் சிங்களத்திலும் சொல்லாத அறிவிப்புப் பலகை பாதி மக்களுக்குச் சுவரேயாகும்.

நான்காவது: எண் வரம்பைத் தாண்டிய நாளிலே மாநகரசபையும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் பொலிசாரும் என்ன செய்தல் வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்படுதல் வேண்டும். “கருவி துல்லியமற்றது” என்று சொல்லும் அதிகாரி, துல்லியமான கருவியைக் கொண்டுவந்து அதை மறுத்துக் காட்டட்டும். மறுக்கும் சுமை அவருடையது.

இவற்றைப் பெறுவதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும். வைத்தியர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே, கமக்காரச் சகோதரர்களே! உங்கள் ஊரின் காற்றை அளந்த எண்கள் எவையெல்லாம் உள்ளன என்று எழுத்தில் கேளுங்கள். தமிழிலே கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லுவது அலுவலரின் சட்டக் கடமை. கண்டியிலிருந்து நூறு விண்ணப்பங்கள் ஒரே மாதத்தில் செல்லட்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்வோம். அங்கும் மறுக்கப்பட்டால் ஆணைக்குழுவுக்குச் செல்வோம். விண்ணப்பம் வரையத் தெரியாதோர் அருகிலுள்ள சட்டத்தரணியை நாடுங்கள். இப்பணிக்குக் கட்டணம் பெறாத சட்டத்தரணிகள் நம்மிடையே உண்டு. முதல் விண்ணப்பத்தை இவ்வாரமே எழுதுங்கள்!